தள்ளுபடி பில்லில் தெரியட்டும்

கலந்தாய்வில் பிள்ளைக்குச் சீட்டு உறுதியான வீட்டில், ஃபீஸுக்கு ஒரு வழி பிறந்த மறுநாளே லேப்டாப் பேச்சு தொடங்கிவிடுகிறது. வத்ராப்பை ஒட்டி மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் வ. புதுப்பட்டியில் இப்போது இதுதான் நடைமுறை. பிள்ளைகள் படிக்கப் போகும் இடங்கள் தொலைவில் இல்லை. கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ராஜபாளையத்தில் 1973 முதல் ராஜுக்கள் கல்லூரி இருக்கிறது, 2013 முதல் ராம்கோ பொறியியல் கல்லூரி இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். வகுப்பில் தரும் வேலையைச் செய்துமுடிக்க வீட்டில் ஒரு கணினி வேண்டும் என்பதுதான் புதிதாகச் சேர்ந்திருக்கும் செலவு.

அந்தச் செலவு எவ்வளவு பெரியது என்பதைக் கூலிக்கணக்கில் சொன்னால்தான் விளங்கும். எங்கள் ஊர் பேரூராட்சி. சுற்றியுள்ள ஊராட்சிகளில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். 45,990 ரூபாய்க்கு ஒரு சுமாரான லேப்டாப் என்று வைத்துக்கொண்டால், அது 137 நாள் கூலி. நூறு நாளும் வேலை கிடைத்து, அதில் ஒரு பைசா சாப்பாட்டுக்குத் தொடாமல் வைத்திருந்தாலும் போதாது.

இந்த இடத்தில்தான் சலுகைகள் வந்து நிற்கின்றன. ஜூன், ஜூலை பிறந்துவிட்டால் கடைத்தெருவில் பதாகைகள் தொங்கும்: மாணவர் சிறப்பு விலை, கேஷ்பேக், வட்டியில்லா இ.எம்.ஐ. நாளிதழின் முதல் பக்கத்தையே மூடிக்கொண்டு விளம்பரம் வரும். பெரிய எழுத்தில் 39,990 ரூபாய். அதன் தலையில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. அந்தக் குறிக்குரிய விளக்கம் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான எழுத்தில் இருக்கும்.

போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரரோடு அப்படியொரு கடைக்குப் போயிருந்தேன். தென்னந்தோப்புகளில் காய் வெட்டுக்குப் போகிறவர் அவர். மகள் கணினி அறிவியலில் சேர்ந்திருந்தாள். கடைத் தம்பி நல்ல பொறுமைசாலி. மாணவர் கேஷ்பேக் இரண்டாயிரம் உண்டு என்று அவரே எடுத்துச் சொல்லி, பதிவு செய்ய உட்கார்ந்தார்.

“காலேஜ் மெயில் ஐ.டி. சொல்லும்மா.”

“ஜிமெயில்தாண்ணே இருக்கு.”

“ஜிமெயில் எடுக்காதும்மா. காலேஜ்ல கொடுத்த மெயில் வேணும். இல்லன்னா ஐ.டி. கார்டு போட்டோ.”

“இப்பத்தாண்ணே சேர்ந்திருக்கேன். கார்டு இன்னும் வரல.”

கார்டு வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாமா என்று அப்பா கேட்டார். ஆஃபர் இந்த மாதத்தோடு முடிகிறது என்றார் தம்பி. அடுத்து, எந்த பாங்க் கிரெடிட் கார்டு என்று கேட்டார். குறிப்பிட்ட ஒரு வங்கியின் கார்டு இருந்தால் மூவாயிரம் குறையும். பக்கத்து வீட்டுக்காரரிடம் இருந்தது டெபிட் கார்டு, அதுவும் வேறு வங்கி. பழைய லேப்டாப் கொடுத்தால் இன்னும் ஆயிரம் குறையும் என்றார். முதல் லேப்டாப் வாங்க வந்தவரிடம் பழையது எப்படி இருக்கும்? அப்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது முழுவதும் அதில் இருக்கிறது.

“தம்பி, அந்த ரெண்டாயிரத்த நீங்களே பில்லுல கழிச்சிட்டு, கம்பெனிகிட்ட வாங்கிக்கிடக் கூடாதா?”

“கம்பெனி எங்களுக்கு அப்படித் தர்றதில்ல அண்ணாச்சி.”

ஆறாயிரம் ரூபாய்ச் சலுகையில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காமல், 45,990 ரூபாயை முழுதாக எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தோம். அதே வாரம் அதே கணினியை, இரண்டு பேரும் சம்பாதிக்கும் ஒரு நகரத்துக் குடும்பம் 39,990 ரூபாய்க்கு வாங்கியிருக்கும். அவர்களிடம் கிரெடிட் கார்டு இருக்கும், பிள்ளையின் கல்லூரி மெயில் இருக்கும், பரணில் பழைய லேப்டாப்பும் இருக்கும். யாருக்கு ஆறாயிரம் பெரிய காசோ அவருக்கு அது கிடைக்கவில்லை. மாணவர் சலுகை என்று பெயர் வைத்துவிட்டு இப்படி நடப்பதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தச் சலுகைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் அமெரிக்கக் கணினிக் கடைகளில் ‘மெயில்-இன் ரிபேட்’ கொடிகட்டிப் பறந்தது. விளம்பரத்தில் போடும் விலை, ரிபேட் கழித்த விலை. கவுன்ட்டரில் கட்டுவது முழு விலை. வீட்டுக்கு வந்ததும் அட்டைப்பெட்டியிலிருந்து பார்கோடைக் கத்தரித்து, அசல் ரசீதையும் பூர்த்தி செய்த படிவத்தையும் சேர்த்து, குறித்த நாளுக்குள் தபாலில் அனுப்ப வேண்டும். பார்கோடு வெட்டிய பெட்டியைப் பல கடைகள் திருப்பி எடுக்காது. ஆகவே பணம் கேட்டு அனுப்பிய நிமிடமே பொருளைத் திருப்பிக் கொடுக்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். வாரக்கணக்கில் காத்திருந்தால் ஒரு காசோலை வரும். சில சமயம் அது விளம்பர அஞ்சலட்டை மாதிரியே இருக்கும். பிரிக்காமல் குப்பையில் போட்டவர்கள் உண்டு. அதற்கும் காலாவதித் தேதி இருக்கும். இந்தப் படிவங்களைச் சரிபார்ப்பதற்கென்றே தனி நிறுவனங்கள் தொழில் நடத்தின. ஒரு கையெழுத்து விடுபட்டால், தேதி ஒரு நாள் தாண்டினால், விண்ணப்பம் தள்ளுபடி.

வாங்குகிறவர்களில் ஒரு பகுதியினர் அனுப்ப மறந்துவிடுவார்கள், இன்னொரு பகுதியினர் தவறாக அனுப்புவார்கள். கோரப்படாமல் நின்றுபோகும் அந்தப் பணத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்துத்தான் ரிபேட் தொகையைத் தாராளமாக அறிவித்தார்கள். 2005 மார்ச்சில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் காம்ப்யூஎஸ்ஏ என்ற பெரிய கணினிக் கடைச் சங்கிலி மீது நடவடிக்கை எடுத்தது. ஒரு தயாரிப்பு நிறுவனம் ரிபேட் பணத்தைச் சரியாகக் கொடுக்கவில்லை என்று தெரிந்த பிறகும், அந்த ரிபேட்டை விளம்பரப்படுத்தியே பொருளை விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே ஆண்டு பெஸ்ட் பை என்ற சங்கிலி, இரண்டாண்டுக்குள் மெயில்-இன் ரிபேட்டை ஒழித்துவிடுவதாக அறிவித்தது. வாடிக்கையாளரின் வெறுப்பு அந்த அளவுக்கு முற்றியிருந்தது.

தபால் உறை போய்விட்டது. ஆனால் அந்த ஏற்பாடு போகவில்லை. செல்பேசிக்குள் குடியேறி நம் ஊருக்கு வந்திருக்கிறது. பார்கோடுக்குப் பதில் சீரியல் நம்பர், ரசீதுக்குப் பதில் பில்லின் புகைப்படம், படிவத்துக்குப் பதில் நிறுவனத்தின் இணையப் பக்கம், காசோலைக்குப் பதில் 90 நாள், 120 நாள் கழித்து வரும் கேஷ்பேக். வராவிட்டால் கடைக்காரர் கம்பெனியைக் காட்டுவார், கம்பெனி வங்கியைக் காட்டும், வங்கி ‘விதிமுறைகளுக்கு உட்பட்டது’ என்ற வரியைக் காட்டும். வாங்கியவர் கையில் ஒரு குறுஞ்செய்தி மட்டும் மிஞ்சும்.

வணிகம் படித்தவர்கள் இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். ஒரே பொருளை எல்லாருக்கும் குறைத்து விற்றால் நிறுவனத்துக்குக் கட்டாது. காசு முடையாக இருப்பவர் நேரம் செலவழித்துப் படிவம் நிரப்புவார், அவருக்குக் குறைந்த விலை. வசதியானவர் அலட்டிக்கொள்ள மாட்டார், அவருக்கு முழு விலை. பாடப்புத்தகத்தில் இது சரியாகத்தான் தெரிகிறது. நடப்பில், படிவம் நிரப்ப நேரம் மட்டும் போதாது. ஆங்கிலம் வேண்டும், கிரெடிட் கார்டு வேண்டும், கல்லூரி மெயில் வேண்டும், நூறு நாள் விடாமல் பின்தொடர்கிற தெம்பு வேண்டும். தோப்புக்குப் போகிறவரிடம் நேரமும் இல்லை. ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போயிற்று.

கார்டு இல்லாத வீடுகள் சும்மா இருப்பதில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ ஐ.டி. வேலையில் இருக்கும் பெரியம்மா மகனுக்கு போன் போகும். அண்ணன் கார்டில் வாங்கித் தருவார், பணத்தை அவருக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் இது சர்வ சாதாரணம். அப்படி ஒரு அண்ணன் இருக்கும் குடும்பம் மூவாயிரம் மிச்சம் பிடிக்கிறது. தலைமுறையில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் வீட்டில் அந்த அண்ணன் கிடையாது. அந்த வீட்டுப் பிள்ளைதான் நாளைக்கு அந்த அண்ணனாக ஆக வேண்டும்.

வட்டியில்லா இ.எம்.ஐ. விஷயத்தையும் உடைத்துப் பார்த்துவிடலாம். கிரெடிட் கார்டுகளில் பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று சொல்லி 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அத்தகைய திட்டங்களுக்குத் தடை போட்டது. இன்று ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்ற பெயரில் வருவதில் வட்டி உண்டு. அந்த வட்டித் தொகைக்குச் சமமாக விலையில் தள்ளுபடி கொடுத்து ஈடுகட்டுகிறார்கள். 45,990 ரூபாயை 15 சதவீத வட்டியில் ஒன்பது மாதத் தவணையாக்கினால் வட்டி மட்டும் சுமார் 2,920 ரூபாய். கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அது சுமார் 526 ரூபாய், கட்டுவது நாம். செயலாக்கக் கட்டணம் என்று சில நூறு ரூபாயும் அதன் மேல் வரியும் தனி. கார்டு இல்லாதவருக்கு நிதி நிறுவனக் கடன் என்றால், அதில் காப்பீடு, நீட்டித்த வாரண்டி என்று கேட்காத பொருளெல்லாம் சேர்ந்துகொள்ளும். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியாக என்ன என்று கேளுங்கள். வேண்டாததை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இதையெல்லாம் விடப் பெரியது வரி. 45,990 ரூபாயில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் கணினியின் விலை 38,975 ரூபாய், வரி 7,015 ரூபாய். பதாகையில் இருந்த சலுகைகள் மொத்தமும் சேர்ந்து ஆறாயிரம். ஒரு மாணவரின் முதல் கணினிக்கு வரி இல்லை என்று ஒரே ஒரு முடிவு எடுத்திருந்தால், எந்தக் கார்டும் எந்த மெயிலும் இல்லாமல், விளம்பரத்தில் கண்ட விலையைவிட ஆயிரம் ரூபாய் குறைவாகவே அந்தப் பெண்ணுக்கு அது கிடைத்திருக்கும்.

படிப்புக்கான பொருளுக்கு வரி கூடாது என்பது புதிய கோரிக்கையும் அல்ல. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகம், பென்சில், ரப்பர், வரைபடம் ஆகியவற்றுக்கும் வரியை நீக்கிவிட்டார்கள். நல்ல முடிவு, மனமார வரவேற்கலாம். அதே பட்டியலில் கணினி 18 சதவீதத்திலேயே நின்றுவிட்டது. கல்லூரி மாணவர் இன்று பென்சிலில் எழுதிக் கொடுப்பது குறைவு. நிரல் எழுதுவதும், கணக்கேடு போடுவதும், வரைபடம் வரைவதும், புராஜெக்ட் அறிக்கை தயாரிப்பதும் கணினியில்தான். பள்ளிப் பிள்ளையின் நோட்டுக்குப் பொருந்தும் நியாயம் இதற்கும் பொருந்தும். கம்பெனிகளும் அலுவலகங்களும் வாங்கும் கணினிக்கு வரியை விட வேண்டியதில்லை; அவை பெரும்பாலும் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. முழு 18 சதவீதத்தையும் தன் கையிலிருந்தே கட்டி, அதில் ஒரு ரூபாயையும் திரும்பப் பெற வழியில்லாமல் நிற்பவர் வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவர்.

கேஷ்பேக்கில் இன்னொரு இழப்பும் ஒளிந்திருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, விற்கும்போதே பில்லில் காட்டிக் கழித்த தள்ளுபடி விற்பனை மதிப்பில் சேராது, அதற்கு வரியும் இல்லை. மூன்று மாதம் கழித்து நிறுவனம் நம் கணக்கில் போடும் கேஷ்பேக் பழைய பில்லைத் திருத்துவதில்லை. முழு விலைக்கு வரி கட்டியது கட்டியதுதான். இரண்டாயிரம் ரூபாய் கேஷ்பேக்கில் இப்படி நாம் கட்டும் வரி 305 ரூபாய். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபடி பில்லிலேயே கழித்திருந்தால் இந்தக் காசும் மிஞ்சியிருக்கும்.

பில்லிலேயே கழிப்பது முடியாத காரியமா? தமிழ்நாட்டில் தலைமுறைகளாக நடந்துகொண்டிருப்பதுதான். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதத் தள்ளுபடி என்றால் அது கவுன்ட்டரில், அந்த நிமிடமே, பில்லிலேயே கழியும். சேலை எடுக்க வந்தவரிடம் மெயில் ஐ.டி. கேட்பதில்லை, தொண்ணூறு நாள் காத்திருக்கச் சொல்வதில்லை. எங்களுக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியத்தில் தறி ஓடுகிறது. ரிபேட் என்ற சொல் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த சொல். அரசிடமிருந்து அந்த ரிபேட் மானியம் வந்துசேரத் தாமதமாகிறது என்று நெசவாளர் சங்கங்கள் பலமுறை குறைபட்டிருக்கின்றன. அந்தக் குறை தீர்க்கப்பட வேண்டியது, அதை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் வாங்க வந்த ஏழையைக் காக்க வைக்காமல், கணக்கு வழக்கை நிறுவனத்துக்கும் அரசுக்கும் இடையே வைத்துக்கொண்ட அந்த ஏற்பாடு சரியானது. பன்னாட்டுக் கணினி நிறுவனங்களுக்குத் தங்கள் விற்பனையாளரோடு அப்படிக் கணக்கு முடித்துக்கொள்வது சங்கங்களுக்கு இருப்பதைவிட எத்தனையோ மடங்கு எளிது.

மாணவர் என்பதை எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்பார்கள். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் புதிய பஸ் பாஸ் அச்சாகி வரும் வரை, சீருடையோ பழைய பாஸோ இருந்தால் போதும், ஏற்றிக்கொள்ளுங்கள் என்று ஆண்டுதோறும் கண்டக்டர்களுக்கு உத்தரவு போகிறது. கிருஷ்ணன்கோவில் பஸ்ஸில் எந்தப் பிள்ளையையும் மெயில் ஐ.டி. கேட்டு இறக்கிவிடுவதில்லை. கல்லூரிக்கு அதைவிட உறுதியான சான்று கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கல்லூரி மாணவர் விவரங்கள் யுமிஸ் என்ற அரசுத் தளத்தில் பதிவாகின்றன, மாணவருக்கு ஒரு எண் இருக்கிறது. 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாயும், 2024 ஆகஸ்ட் 9இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் ஆயிரம் ரூபாயும் மாதாமாதம் போய்ச்சேர்வது அந்தத் தகவலை வைத்துத்தான். கோடிக்கணக்கான ரூபாயை அந்த எண்ணை நம்பி அரசு அனுப்புகிறது. இரண்டாயிரம் ரூபாய்த் தள்ளுபடிக்கு அது போதாதா? கடைக்காரர் எண்ணைத் தட்டினால் மாணவர் செல்பேசிக்கு ஓ.டி.பி. போகட்டும், ஆம் இல்லை என்ற பதில் மட்டும் வரட்டும். ஓர் எண்ணுக்கு ஒரு கணினி என்று வரம்பு வைத்தால் முறைகேட்டுக்கும் இடம் குறையும்.

அந்த மாத ஆயிரம் மூன்றாண்டுப் படிப்பில் 36,000 ரூபாய். ஏறக்குறைய ஒரு கணினியின் விலை. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் அது கரைந்துவிடுகிறது என்பது எனக்குத் தெரியும். முதலாண்டு தொடக்கத்தில் கணினி கையில் இருக்க வேண்டும், பணமோ மூன்றாண்டில் சொட்டுச் சொட்டாக வருகிறது. கூட்டுறவு வங்கிகள் இந்த உதவித்தொகை வரும் கணக்கை வைத்து, சிறிய தவணையில், வட்டியை அரசு ஏற்றுக்கொள்ளும் கணினிக் கடன் கொடுக்கலாம். விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

‘அதுதான் அரசே இலவசமாகக் கொடுக்கிறதே’ என்று சொல்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் ஜெயலலிதா தொடங்கிவைத்த மடிக்கணினித் திட்டம், எங்கள் மாதிரி ஊர்களில் ஒரு தலைமுறைக்கே கணினியைத் தொட்டுப் பழக வைத்தது. எல்காட் ஒரே டெண்டரில் லட்சக்கணக்கில் வாங்கியது. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தார்கள். அதை விற்றவர்கள் உண்டு, படம் பார்க்க மட்டும் வைத்திருந்தவர்கள் உண்டு. அதிலேயே படித்து வேலைக்குப் போனவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள்தான் இன்று தங்கள் தம்பி தங்கைகளுக்குக் கணினி வாங்க ஆலோசனை சொல்கிறார்கள். 2019-20க்குப் பிறகு அந்த விநியோகம் நின்றுபோனது. கொரோனாவில் வகுப்பறையே செல்பேசித் திரைக்குள் போன அந்த ஆண்டுகளில் மடிக்கணினி வராமல் போனது பெரிய இழப்பு. 2025 மார்ச் 14 அன்று நம் மாவட்டத்துக்காரரான தங்கம் தென்னரசு வாசித்த நிதிநிலை அறிக்கையில், இரண்டாண்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் என்ற அறிவிப்பு வந்தது. முதல் ஆண்டுக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2026 ஜனவரியில் ‘உலகம் உங்கள் கையில்’ என்ற பெயரில் விநியோகம் தொடங்கியது.

நல்ல திட்டம். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் தொடர வேண்டும். ஆனால் சுயநிதிக் கல்லூரியில் சேரும் பிள்ளை இந்தக் கணக்கில் வருவதில்லை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காமல், நகையை அடகு வைத்து அங்கே சேரும் பிள்ளைகள்தான் எங்கள் பக்கத்தில் ஏராளம். சுயநிதிக் கல்லூரி என்பதாலேயே வசதியான வீட்டுப் பிள்ளை என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களுக்கும் இலவசமாகக் கொடு என்று நான் கேட்கவில்லை. எல்காட் லட்சக்கணக்கில் வாங்கும்போது பேசிமுடிக்கும் விலை இருக்கிறதே, அந்த விலைக்கு, யுமிஸ் எண் உள்ள எந்த மாணவரும் தன் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வழி செய்யட்டும் என்றுதான் கேட்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் கூட்டுறவுப் பண்டகசாலை வழியாக விற்கலாம், உள்ளூர்க் கடைகளுக்கே ஒரு கமிஷன் வைத்துக் கொடுக்கலாம். கருவூலத்துக்குப் பெரிய செலவில்லை. தனி ஆளாக வாங்கும் ஒரு குடும்பத்துக்கு ஒருபோதும் கிடைக்காத மொத்த விலை அவர்களுக்குக் கிடைக்கும்.

கணினி நிறுவனங்களும் மாணவர் விலையைத் தர்மத்துக்காகக் கொடுப்பதில்லை. 1984இல் மெக்கின்டாஷ் வந்தபோதே ஆப்பிள் 24 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் போட்டு, மாணவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தது. படிக்கும்போது பழகிய கணினியை வேலைக்குப் போன பிறகும் விடமாட்டார்கள் என்ற கணக்கு அதில் இருந்தது, அது பலிக்கவும் செய்தது. 2020 செப்டம்பர் 23 அன்று இந்தியாவில் சொந்த இணையக் கடை திறந்தபோதும் மாணவர் விலையோடுதான் திறந்தார்கள். அந்த விலையை எட்டிப்பிடிக்கும் வசதி பெரும்பாலும் பெருநகரப் பிள்ளைகளுக்கே இருக்கிறது. எதிர்கால வாடிக்கையாளர்கள் வத்ராப்பிலும் புதுப்பட்டியிலும் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அந்த நிறுவனங்களின் இந்திய அலுவலகங்கள் உணர வேண்டும்.

அரசும் நிறுவனங்களும் மாறும் வரை வாங்குகிறவர்கள் செய்யக்கூடியதும் கொஞ்சம் இருக்கிறது. கடைக்காரர் வாயால் சொல்லும் கேஷ்பேக்கை பில்லின் பின்புறமாவது எழுதி வாங்குங்கள். விளம்பரத்தைச் செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ‘ஆபீஸ் போட்டுத் தர்றோம்’ என்று கூடுதலாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். லிப்ரே ஆபீஸ் இலவசம், கல்லூரி வேலைக்குத் தாராளமாகப் போதும். சொன்ன தேதியில் கேஷ்பேக் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நம் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும், இணையம் வழியாகவும் கொடுக்கலாம். தருவதாக அறிவித்த பரிசையோ சலுகையையோ கொடுக்கும் எண்ணமே இல்லாமல் விளம்பரம் செய்வதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. இரண்டாயிரம் ரூபாய்க்காக ஆணையம் வரை போவதா என்று தயங்க வேண்டாம். ஆறு நாள் கூலி அது.

கல்லூரிகளிடம் ஒரு வேண்டுகோள். சேர்க்கை நடக்கும் அன்றே மாணவருக்குக் கல்லூரி மெயில் முகவரி கொடுங்கள். அந்த ஒரு முகவரி இல்லாததால் கணினித் தள்ளுபடி மட்டும் போவதில்லை. மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் செயலிகளை இணையத்தில் இலவசமாகப் பயன்படுத்துவது, பொறியியல் மாணவருக்கு ஆட்டோடெஸ்க்கின் வரைகலை மென்பொருள், நிரலாளருக்கு கிட்ஹப் தரும் மாணவர் தொகுப்பு என்று பலவற்றின் கதவும் அதைக் கொண்டு எளிதாகத் திறக்கிறது. கூகுளின் அடிப்படைக் கல்விச் சேவையில் தகுதியுள்ள கல்லூரிகளுக்கு மெயில் வசதி இலவசம். இணைய முகவரிக்கு ஆண்டுக் கட்டணமும், பார்த்துக்கொள்ள ஓர் ஊழியரும் இருந்தால் முடிகிற வேலை. ஐ.டி. கார்டு அச்சாகி வர மாதமாகும் என்றால், சேர்ந்த அன்றே முத்திரையோடு ஒரு போனஃபைடு சான்றிதழ் கையில் கொடுத்து அனுப்புங்கள். கணினிக் கடைகளின் மாணவர் சலுகை ஆகஸ்ட், செப்டம்பரோடு முடிந்துவிடுகிறது. பல ஊர்களில் அடையாள அட்டை வருவது அதற்குப் பிறகுதான்.